தும்பையின் வயிற்றுச் சனம்

செம்பாறைக் காட்டில் ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. அந்தப் பட்டியில் தும்பை என்றொரு பசு இருந்தாள். செந்நிற உடம்பு, அதன்மேல் தும்பைப் பூவை வாரி இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்து நிற்கும். தான் அழகி என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல நடிக்கும் கெட்ட பழக்கம் அவளிடம் இல்லை.

அழகைவிடப் பெரிய பெருமை ஒன்று அவளுக்கு இருந்தது. அது அவள் வயிறு.

"ஆனை தின்னா பாதி சாணத்தோட போயிருது. மானு எளந்தழை தேடி மலையெல்லாம் அலையுது. எனக்குக் காஞ்ச ஊசிப்புல்லக் குடு, மூங்கச் சருகக் குடு. பாலாக்கிக் காட்டறேன்!" என்று சுனைக்கரையில் நின்று சொல்வாள். தண்ணீர் குடிக்க வந்த மான்கள் தலையாட்டிவிட்டுப் போகும். ஏனென்றால் அவள் சொன்னது உண்மை.

ஆனால் அந்த வேலையை அவள் ஒருத்தியாகச் செய்யவில்லை. மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறைதான் பெரியது. அரைகுறையாக மென்று விழுங்கிய தீனியெல்லாம் அங்கேதான் போய் விழும். வெதுவெதுப்பான அந்த இருட்டில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ச் சனம் கோடி கோடியாகக் குடியிருந்தது. அவர்களுக்குக் கால் இல்லை, பல் இல்லை. மேல்தோலில் முளைக்கும் புரதக் கொக்கிகள்தான் அவர்களுக்குக் கை. அந்தக் கொக்கியால் புல்லின் நாரைப் பற்றித் தொங்குவார்கள். பற்றியதைக் கரைத்துத் தின்பார்கள். அவர்கள் தின்றது போக மிஞ்சிய சத்துதான் தும்பைக்கு உடம்பும் பாலும்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. மேலேயிருந்து என்ன தீனி வருகிறதோ, அதற்கேற்ற கைதான் தோலில் முளைக்கும். நார் வந்தால் கொக்கி. மாவு வந்தால் அகப்பை. அகப்பை முளைத்தால் கொக்கி உதிர்ந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ள அவ்வளவு சின்னத் தோலில் இடம் ஏது? அதிலும் கை மாறுவது நொடியில் நடக்கிற காரியம் இல்லை.

சனத்துக்குத் தலைவன் பிடியன். தும்பை நிழலில் படுத்து அசைபோடும்போது, வயிற்றுத் தீனி கவளம் கவளமாக வாய்க்கு ஏறி வரும். அந்தக் கவளத்தில் தொற்றிக்கொண்டு பிடியனும் வருவான். பசுவும் வயிறும் பேசிக்கொள்வது அந்த நேரத்தில் மட்டும்தான். நேற்றைய புல் எப்படி, இன்றைய தழை எப்படி என்று ஊர்க்கதை பேசிவிட்டு, "எங்க கொக்கியில மாட்டுன நாரு தப்பிச்சதா சரித்திரமே இல்லீங்காத்தா!" என்று முடிப்பான். மார்தட்ட அவனுக்கு மார் இல்லை. இருந்திருந்தால் தட்டியிருப்பான். ஆத்தாளுக்கேற்ற சனம்.

அந்தக் கோடையில் தும்பை ஒரு கன்று போட்டாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் சுட்டியன் என்று பெயர். மழை தப்பிய வருஷம் அது. காட்டில் பச்சை என்று சொல்ல ஒரு துளிர் இல்லை. காய்ந்த புல்லிலும் அவளுக்குப் பால் சுரந்தது. சுட்டியன் வளர அது போதும். ஆனால் மடி வற்றிய பிறகும் அவன் முட்டி முட்டிக் கேட்பான். அப்போது தும்பையின் முகம் சுருங்கிவிடும். ஊருக்கெல்லாம் பெருமை பேசிவிட்டு, சொந்தக் கன்று இன்னும் கொடு என்று கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

அந்தச் சுருக்கத்தைக் கவனித்துவிட்டான் ஒருவன். அவன் வளைபல்லன் என்ற காட்டுப்பன்றி. காட்டோரத்தில் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த ஒரு மக்காச்சோளத் தோட்டம் இருந்தது. சுற்றிலும் இலந்தை முள்வேலி. வளைபல்லன் பலமுறை மூக்கைக் கொடுத்துப் பார்த்து, மூக்கு கிழிந்ததுதான் மிச்சம். நீளக் கொம்பு ஒன்று கிடைத்தால் வேலியை அலாக்காகத் தூக்கிப் போடலாம் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அவன் சுனைக்கரைக்கு வந்தான். முதலில் கொம்பைப் புகழ்ந்தான். பிறகு நிறத்தைப் புகழ்ந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"ஏனுங்கம்மணி, இந்தக் கொம்புக்கும் இந்த நெறத்துக்கும் சருகுதானுங்களா தீனி?"

"சருகுலயே பால் சொரக்கறவ நானு. எனக்கென்ன கொறை?" என்றாள் தும்பை.

"சொரக்கறீங்க, இல்லீன்னு சொல்லல. கன்னுக்குப் பத்துதுங்களா?"

புகழ்ச்சிக்கு மயங்காதவள்கூட அந்தக் கேள்விக்கு விழுவாள். தும்பையோ புகழ்ச்சிக்கும் மயங்குகிறவள். மறுநாள் காலையில் பட்டிக்காரர் படலைத் திறந்துவிட்டதும், அவள் மலைமேல் ஏறாமல், வளைபல்லன் சொன்ன சோளத் தோட்டத்தைத் தேடிக் காட்டோரம் இறங்கினாள். கொம்பைக் கொடுத்து வேலியைத் தூக்கினாள். வளைபல்லன் அடியில் நுழைந்தான். கதிர் பால் பிடித்து முற்றி நின்றது. கடித்தால் பல்லில் மாவு ஒட்டியது. இத்தனை நாள் சருகு மென்ற வாய்க்கு அது அமுதம்.

அன்று மாலை படுத்தபோது, கவளத்தோடு பிடியன் பதறிக்கொண்டு வந்தான். மேலேயிருந்து என்னென்னவோ விழுகிறது, நாரே இல்லை, கொக்கி போட்டால் வழுக்குகிறது என்று முறையிட்டான்.

"கொக்கி வழுக்குனா கையை மாத்து. அகப்பை மொளைக்க வெய்யி. சோளம் இனித் தெனமும் வரும்" என்றாள் தும்பை.

"மாத்தறோம் ஆத்தா. உங்க சோறு, உங்க உத்தரவு. ஆனா கொஞ்சங் கொஞ்சமா மாத்தோணும். பாதிக்குப் பாதி புல்லும் போடுங்க. ஒரேயடியா மாவாக் கொட்டுனா உள்ள புளிச்சுப் போயிரும்."

புல்லாம்! சோளம் தின்ற வாயால் யார் புல்லைத் தேடுவார்கள்? தும்பை அவன் பேச்சை மென்று விழுங்கிவிட்டாள். அவனையும் சேர்த்துத்தான்.

சோளம் வேலை செய்தது. மடி கனத்தது. சுட்டியன் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளினான். தும்பையின் தோல் எண்ணெய் தடவியது போல மின்னியது. பார்த்த பசுக்கள் ஒவ்வொன்றாக அவள் பின்னால் இறங்கின. வேலியில் விழுந்த ஓட்டை வாசலாயிற்று. பட்டி மொத்தமும் சோளத்துக்குள் நின்றது. ஒருத்தியைத் தவிர.

அவள் சுள்ளி. பெயருக்கேற்ற உடம்பு. விலா எலும்பு தெரியும், ஒரு கொம்பு பாதியில் முறிந்திருக்கும். நாக்கு மட்டும் முழுதாக இருக்கும். அவள் மலைச்சரிவில் தனியாக நின்று ஊசிப்புல்லை இழுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தும்பை போகிற போக்கில் அவளை வம்புக்கு இழுத்தாள். விலா எலும்பை எண்ணக் காக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது பார் என்றாள்.

"எண்ணீட்டுப் போகட்டும். சோளத்துக்குப் போலாமான்னு என் வயித்துச் சனத்தக் கேட்டேன். வேண்டாம்னாங்க. அவங்களுக்கு ஆகாதது எனக்கு எதுக்கு? உன் சனம் என்ன சொல்லுச்சு?" என்றாள் சுள்ளி.

"என் சனம் வாயே திறக்கல. அத்தனை சந்தோசம்" என்று சொல்லிவிட்டுத் தும்பை நடந்தாள்.

அது முழுப் பொய் இல்லை. கொஞ்ச நாளாகப் பிடியன் பேசவே இல்லை. காரணம் சந்தோஷம்தான் என்று அவள் நம்பினாள். மாவுத் தீனியை அதிகம் அசைபோட வேண்டியதில்லை. அசைபோடாவிட்டால் கவளம் மேலே வராது. கவளம் வராவிட்டால் பிடியன் எதில் ஏறி வருவான்? அவன் உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் மேலே வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது? கொக்கிக்காரர்கள் கொக்கியை உதிர்த்தார்கள். உதிர்க்க மனமில்லாதவர்கள் நாரில்லாமல் பட்டினி கிடந்தார்கள். பிறவியிலேயே அகப்பையோடு வந்த வேறு கூட்டம் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மாவைக் கண்டதும் அது பெருகிப் பெருகி நாட்டை நிறைத்தது. அவர்கள் தின்னத் தின்ன வயிறு புளித்தது. அந்தப் புளிப்பில் கொக்கிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இங்கே பழகுவதற்குள் சோளமே புளித்துவிட்டது.

ஒருநாள் வளைபல்லன் அவசரமாக வந்தான். தோட்டக்காரர் வேலி ஓட்டையைப் பார்த்துவிட்டார், நாளைக்கே கதிர் அறுக்க ஆள் சொல்லியிருக்கிறார் என்றான். இன்றைக்கே கொண்ட மட்டும் தின்றுகொள்ளச் சொல்லி, தானும் தலையைக் கவிழ்த்தான். தும்பை தின்றாள். மற்ற பசுக்கள் போதும் என்று விலகிய பிறகும் தின்றாள். நாளைக்குச் சுட்டியனுக்கு என்ன செய்வது என்று நினைத்து நினைத்துத் தின்றாள்.

தோட்டக்காரரின் நாய்கள் குரைத்தபோது அவளால் ஓட முடியவில்லை. இடது விலாப்பக்கம் உப்பி, வயிறு முரசாகிவிட்டது. காட்டுக்குள் எப்படியோ வந்து ஒரு மரத்தடியில் விழுந்தாள். வளைபல்லன் பக்கத்துப் புதரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா, நீயும் அதயேதான தின்ன? உனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு என்ன பண்ணோணும், சொல்லு" என்று முனகினாள்.

"எனக்கு வயிறு ஒரே அறைங்கம்மணி. வந்தது போகும், அவ்வளவுதான். உங்களுது நாலு அறை ஊடு. உள்ள யாரு குடியிருக்கறாங்களோ, எனக்கென்னங்க தெரியும்? உங்க ஊட்டுச் சங்கதிய நீங்கதான் பார்த்துக்கோணும்." சொல்லிவிட்டு அவன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

பட்டிக்காரர் தேடி வந்து அவளை மெல்ல நடத்திப் பட்டிக்குக் கொண்டுபோனார். இஞ்சியும் ஓமமும் இடித்து மூங்கில் குழலில் வைத்துப் புகட்டினார். வாயு இறங்கியது; சோளம் நின்றதால் உள்ளே புளிப்பும் தணிந்தது. ஆனால் பசி வரவில்லை. காய்ந்த புல்லைக் கொண்டுவந்து போட்டார். தும்பை வேண்டாவெறுப்பாகத் தின்றாள். தின்ற புல் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. பற்ற ஒரு கொக்கி இல்லை. வயிறு நிறைந்திருக்க, உடம்பு பட்டினி கிடந்தது. மடி வற்றித் தோல் பையாகத் தொங்கியது.

சுட்டியன் முட்டினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி முட்டினான். தும்பை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வெகு நேரம் முக்கி, ஒரே ஒரு சின்னக் கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுவந்தாள். அதில் பிடியன் இருந்தான். குரல் நூலாக இளைத்திருந்தது.

"நீயாச்சும் இருக்கறயே சாமி! கொக்கிய மொளைக்க வெய்யிப்பா. புல்லு வந்துருச்சு" என்றாள்.

"மொளைக்கறதுக்கு ஆளு வேணுமே ஆத்தா. புளிப்புல போனவங்க போயிட்டாங்க. நாங்க ஒரு கைப்பிடிகூட இல்ல. நாங்க பெருகி வர்ற வரைக்கும் கன்னு தாங்காது. புல்லு மட்டும் தின்ன மாடு எதாவது இருந்தா, அது அசைபோடற கவளத்துல ஒரு வாய் வாங்குங்க. அதுல எங்க சனம் இருக்கும். அவங்க வந்தா நாங்க பொழைப்போம்."

தும்பைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு மாடு மென்ற எச்சிலையா? அதுவும் இந்தப் பட்டியில் சோளம் தொடாத மாடு ஒன்றே ஒன்றுதான். காக்கை விலா எலும்பை எண்ண வந்திருக்கிறது என்று கேலி செய்த வாயால் அவளிடம் எச்சில் கேட்பதா? செத்தாலும் கேட்பதில்லை என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் சுட்டியன் இல்லை. அவன் தள்ளாடித் தள்ளாடிச் சுள்ளியின் மடிக்குப் போயிருந்தான். சுள்ளி காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள். தன் கன்றுக்கன்றி மடி விடாதது பசுவின் குணம். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. சுட்டியன் உருண்டு விழுந்தான். எழுந்து மறுபடியும் அந்த மடியைப் பார்த்து நின்றான்.

தன் கன்று அடுத்தவள் மடியில் உதை வாங்கி நிற்பதை அந்தப் பெருமைக்காரி பார்த்தாள். எங்கிருந்துதான் பலம் வந்ததோ, நாலு காலையும் ஊன்றி எழுந்தாள். சுள்ளியின் பக்கத்தில் போய், மற்றவர் காதில் விழாதபடி கிசுகிசுத்தாள்.

"இப்படிக் குசுகுசுன்னு கேட்டாத் தரமாட்டேன். பட்டி நடுவுல நின்னு, எல்லாரும் கேக்கற மாதிரி கேளு" என்றாள் சுள்ளி.

"நான் பேசுனதுக்கு என்னய அசிங்கப்படுத்தோணும், அதானே?"

"உன் அசிங்கம் எனக்கு என்னத்துக்காகுது? கண்ணத் தொறந்து பாரு. உன் பொறவால வந்த அத்தனை மாடும் வயித்தப் புடிச்சுட்டுப் படுத்திருக்குது. எச்சிலக் கேக்க வெக்கப்பட்டுட்டு ஒவ்வொண்ணும் சாகப் போகுது. பெருமைக்காரி நீ கேட்டாத்தான் மத்ததுக வாயத் தொறக்கும்."

தும்பை திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். சோளத்துக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். அதைத் தின்ற குற்றத்தில் பாதி அவர்களுடையது. வழி காட்டிய குற்றம் முழுக்க அவளுடையது. அவள் பட்டியின் நடுவில் போய் நின்றாள். கொம்பைத் தாழ்த்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"சுள்ளி! என் வயித்துச் சனம் செத்துப் போச்சு. கொன்னது நான். உன் கவளத்துல ஒரு வாய் எனக்குக் குடு!"

பட்டியே காதை நிமிர்த்தியது. சுள்ளி நிதானமாக ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து, மென்று, தும்பையின் வாயில் ஊட்டினாள்.

"எச்சில்னு நெனச்சு வாங்காத. என் சனத்தவே தாரேன். அவங்களப் பட்டினி போட்டு வெச்சயோ, உன்னயக் குத்த இந்த அரைக் கொம்பே போதும்" என்றாள்.

தும்பை விழுங்கினாள். சுள்ளியின் கொக்கிக்காரர்கள் அந்த இருட்டுக்குள் இறங்கினார்கள். பிடியன் வாசலில் நின்று வரவேற்றான். கல்லாகக் கிடந்த புல்லைப் பார்த்ததும் வந்தவர்களுக்குக் குஷி தாங்கவில்லை. ஆளுக்கொரு நாரைப் பற்றித் தொங்கினார்கள். அவர்கள் கரைத்த நாரின் வாசனை பட்டுப் பட்டு, பிழைத்துக் கிடந்த பழைய சனத்தின் தோலிலும் மெல்ல மெல்ல அகப்பை உதிர்ந்து கொக்கி துளிர்த்தது. தும்பை அவசரப்படவில்லை. கொஞ்சம் புல் தின்றாள், படுத்தாள், காத்திருந்தாள். முதல் முழுக் கவளம் வாய்க்கு ஏறி வந்தபோது, மெல்லாமல் பிடியனின் பேச்சைத்தான் முதலில் கேட்டாள்.

பசுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சுள்ளி ஒருத்தியால் அத்தனை வாய்க்கும் கொடுக்க முடியுமா? சுள்ளி தும்பைக்குக் கொடுத்தாள். தேறிய பிறகு தும்பை அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அவள் அதற்கடுத்தவளுக்கு. பட்டி பிழைத்தது. தும்பையின் மடியில் பால் இறங்கியது. சுட்டியன் அம்மாவை முட்டி முட்டிக் குடித்தான். இன்னும் வேண்டுமென்று கேட்டான். இந்தத் தடவை அவள் முகம் சுருங்கவில்லை.

மழை வந்தது. மலை பச்சையானது. சுட்டியனுக்குப் பல் வளர்ந்து, புல்லைக் கடிக்க ஆசை வந்தது. கடித்தான்; தொண்டையில் சிக்கித் துப்பினான். தும்பை அவனைப் பக்கத்தில் படுக்க வைத்து, தன் கவளத்தில் ஒரு வாய் அவனுக்கு ஊட்டினாள். தினமும் ஊட்டினாள். புல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பழக்கினாள்.

ஒரு மத்தியானம் மரநிழலில் சுட்டியன் தன் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுவந்தான். இரண்டு மெல்லு மென்றவன் சட்டென்று நிறுத்தினான். கண் அகன்றது.

"அம்மா! உள்ளாற யாரோ பேசறாங்க!"

"என்ன சொல்றாங்க?"

"புல்லு நல்லாருக்குதாம். அவங்க கொக்கியில மாட்டுன நாரு தப்பிச்சதே இல்லையாம். இன்னுங் கொஞ்சம் வேணுமாம்."

தும்பை எழுந்து நின்றாள். மலைச்சரிவில் பட்டி மொத்தமும் மேய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் சுள்ளியின் சனமும் அவள் சனமும் ஒன்றாகக் கலந்து உழைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. வாழ்நாளில் அத்தனை பெருமையாக அவள் நின்றதில்லை.

"கேட்டாங்கள்ள? அப்பறம் என்னடா பார்த்துட்டு நிக்கற? போய்க் குடு" என்றாள்.

நாம் எதை ஊட்டுகிறோமோ அதற்கேற்பவே நமக்காக உழைப்பவர்களின் கை அமையும். அவர்கள் சொல்லைக் கேட்டு ஊட்டுகிறவருக்கே தலைநிமிர்ந்து நிற்கும் பெருமை உண்டு.